சத்தம் ஆகாது என்றால் சாக்குப்போக்கா?

“படிக்கிற பிள்ளைக்கு எந்தச் சத்தமும் காதில் விழாது” என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வதுண்டு. கூடவே, தெருவிளக்கின் கீழ் படித்து மதராஸ் உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானவர் என்று சர் முத்துசாமி ஐயரின் கதையும் வரும். அந்தக் கதையை நான் மதிக்கிறேன். ஆனால் அது வெளிச்சம் கிடைக்காதவரின் கதை. வெளிச்சம் இல்லையென்றால் விளக்கைத் தேடிப் போகலாம். சத்தமோ நம்மைத் தேடி வருகிறது. கண்ணை மூடுவதுபோல் காதை மூடிக்கொண்டு பாடம் படிக்க முடியாது.

சத்தத்தால் படிக்க முடியவில்லை என்று சொல்லும் மாணவரைச் சோம்பேறி என்றும் திமிர் பிடித்தவர் என்றும் ஒதுக்குவது தவறு. அதே வேளையில், வீடு முழுவதும் தனக்காக வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அந்த மாணவர் எதிர்பார்ப்பதும் நடக்காத காரியம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் வீடுகளைப் பார்ப்போம். கோலாலம்பூரில் ஒரு பிபிஆர் அடுக்குமாடி வீட்டின் பரப்பளவு ஏறக்குறைய 700 சதுர அடி. மூன்று அறைகள். அதற்குள் மூன்று தலைமுறையினர் வாழும் குடும்பங்கள் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் ரயில், மோனோரயில், கோயில் மணி, கடைத்தெருப் பாட்டு. கிள்ளானில் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரிகள். இவை வெளிச்சத்தம். உள்ளே தொலைக்காட்சி, குக்கர் விசில், கைப்பேசி விளையாட்டு, கிரில் கதவு. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, வீடே வகுப்பறையானது. ஒரே கூடத்தில் அக்காவுக்கு இணைய வகுப்பு, தம்பிக்கு இணைய வகுப்பு, அப்பாவுக்குத் தொலைபேசியில் வேலை. வீட்டில் படிக்க இடம் இருக்கிறதா என்ற கேள்வி அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

கிள்ளானில் எங்கள் வீட்டில் ஆறு பேர். எனக்குச் சின்ன வயதிலிருந்தே சில சத்தங்கள் ஆகாது. இடி இடித்தால் கவலையில்லை. பக்கத்தில் ஒருவர் முறுக்கை மென்றால் போதும், படித்த வரியையே நான்காவது முறை படித்துக்கொண்டிருப்பேன். நெஞ்சு படபடக்கும், காரணமில்லாமல் கோபம் வரும். “இதெல்லாம் ஒரு நோயா?” என்று கேட்பவர்கள் உண்டு.

இதற்கு மருத்துவ உலகில் பெயர் இருக்கிறது. குறிப்பிட்ட சில சத்தங்கள் கடுமையான எரிச்சலைத் தூண்டும் நிலையை ‘மிசோபோனியா’ என்று 2001இல் மார்கரெட், பாவெல் ஜாஸ்ட்ரெபோஃப் என்ற ஆய்வாளர் இணையர் அழைத்தனர். சாதாரண சத்தம்கூடக் காதுக்குத் தாங்க முடியாததாகத் தோன்றும் ‘ஹைப்பராகுசிஸ்’ என்பது வேறு நிலை. 2017இல் இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுக்பீந்தர் குமாரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. மிசோபோனியா உள்ளவர்கள் மெல்லும் சத்தத்தையும் மூச்சுச் சத்தத்தையும் கேட்டபோது, உணர்ச்சிகளோடு தொடர்புடைய ஒரு மூளைப்பகுதி மற்றவர்களைவிட அதிகமாக இயங்கியது, இதயத்துடிப்பும் கூடியது. அதை வெறும் வீம்பு என்று ஒதுக்கிவிட முடியாது. இதைப் படித்துவிட்டு நீங்களே உங்களுக்கு ஒரு நோய்ப்பெயரைச் சூட்டிக்கொள்ள வேண்டாம். சத்தத்துக்குப் பயந்து சாப்பாட்டு மேசையையும் நண்பர்களையும் தவிர்க்கும் நிலை வந்தால், மருத்துவரிடமோ செவித்திறன் நிபுணரிடமோ போவதே சரி.

சத்தத்தைத் தாங்கும் பிள்ளைகளும் தப்புவதில்லை. நியூயார்க்கில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு பள்ளியை அர்லீன் பிரான்சாஃப்ட் ஆராய்ந்து 1975இல் முடிவை வெளியிட்டார். ரயில் பக்கத்து வகுப்புகளில் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், அதே பள்ளியின் அமைதியான பக்கத்தில் இருந்தவர்களைவிட வாசிப்பில் ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்தனர். பிறகு தண்டவாளத்தில் ரப்பர் மெத்தைகள் பொருத்தப்பட்டன. வகுப்பறைக் கூரைகளில் சத்தத்தை உறிஞ்சும் பலகைகள் வைக்கப்பட்டன. 1981இல் வெளியான அடுத்த ஆய்வில் அந்த இடைவெளி மறைந்திருந்தது. சத்தம் குறைந்ததும் பிள்ளைகளின் வாசிப்பு தேறியது.

ஆனால் நம் வீட்டுக்கு அதைவிடப் பயன்படும் ஆய்வு இன்னொன்று. அமெரிக்காவில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் இருவரும் தங்கள் சோதனைகளை 1972இல் நூலாக வெளியிட்டனர். சோதனைக்கு வந்தவர்களைப் பெரும் இரைச்சலைக் கேட்க வைத்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, “தாங்க முடியாவிட்டால் அழுத்தலாம், அழுத்தாமல் இருந்தால் நல்லது” என்றார்கள். பெரும்பாலோர் அழுத்தவே இல்லை. இரு பிரிவினரும் கேட்டது ஒரே இரைச்சல்தான். இருந்தும், பின்னர் புதிர்களைத் தீர்ப்பதிலும் எழுத்துப்பிழை திருத்துவதிலும் பொத்தான் இருந்தவர்களே நன்றாகச் செய்தார்கள். எப்போது வரும் என்று தெரிந்த சத்தமும், எதிர்பாராமல் வரும் சத்தத்தைவிடக் குறைவாகவே பாதித்தது.

ஆக, ஒரு சத்தம் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பது பாதிக் கதைதான். அது எப்போது வரும், அதைப் பற்றி நாம் ஏதாவது சொல்ல முடியுமா என்பது மீதிக் கதை. சிறிய வீட்டில் அமைதி கிடைக்காது. ஆனால் அந்தப் ‘பொத்தான்’ கிடைக்கும்.

எங்கள் வீட்டில் அம்மா மாவு அரைத்து விற்கிறார். கிரைண்டரை நிறுத்தச் சொன்னால் என் கொமுட்டர் ரயில் கட்டணத்தை யார் தருவது? அதனால் நேரத்தைப் பேசினோம். நான் வீட்டுக்கு வரும் ஏழு மணிக்கு முன் அரைத்துவிடுவது என்று முடிவானது. பாட்டிக்குக் காது மந்தம். நாடகத்தை உச்சச் சத்தத்தில் வைத்தால்தான் கேட்கும். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் சிறிய ஒலிபெருக்கி ஒன்றை இணைத்தோம். தொலைக்காட்சியின் சத்தம் பாதியானது. பாட்டிக்கும் வசனம் இப்போது தெளிவாகக் கேட்கிறதாம். ஒன்பதிலிருந்து பத்தரை வரை தம்பி காதொலிக்கருவி போட்டுக்கொண்டுதான் விளையாடுவான். மேல்வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு இன்னும் வழி தெரியவில்லை.

எதை முதலில் கேட்பது? பேச்சை. நம் மூளை பேச்சை விடாமல் பின்தொடரும். 1976இல் கோல், வெல்ஷ் இருவரும் செய்த சோதனையில், புரியாத ஜெர்மன் பேச்சுகூட எழுத்துகளை நினைவில் வைப்பதைக் கெடுத்தது. ஆகவே நாடகமும் பாடல் வரிகளும் காற்றாடி இரைச்சலைவிட மோசம். ஒரே சீராகச் சுழலும் காற்றாடி மற்ற சத்தங்களைக் கொஞ்சம் மறைக்கவும் செய்யும். காதடைப்பான் உதவும், ஆனால் நாள் முழுவதும் போட்டிருந்தால் காது மேலும் கூர்மையாகி, எடுத்ததும் சிறு சத்தமும் பெரிதாகத் தோன்றும். அதைப் படிக்கும் நேரத்துக்கு மட்டும் வையுங்கள். கடினமான பாடத்தை நூலகத்துக்குத் தள்ளிவையுங்கள். ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகம், ஷா ஆலமில் ராஜா துன் உடா நூலகம் இருக்கின்றன.

ஆனால் தொலைவிலுள்ள நூலகத்துக்கு எஸ்பிஎம் எழுதும் எல்லாப் பிள்ளைகளாலும் இரவில் போய்வர முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மண்டபங்கள் உண்டு. பல கோயில்களிலும் வகுப்பு நடத்தும் அறைகள் உண்டு. தேர்வுக் காலத்தில் அவற்றில் ஒன்றை மாலை ஏழு முதல் பத்து வரை திறந்துவிட்டால், அதற்கு ஆகும் செலவு விளக்கும் காற்றாடியும்தான். குடியிருப்போர் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் இதை யோசிக்க வேண்டும்.

பெற்றோரே, பிள்ளை சத்தத்தைப் பற்றிச் சொன்னால் நம்புங்கள். மாணவ நண்பர்களே, கத்திவிட்டுக் கதவைச் சாத்துவதற்கு முன், உங்களை அதிகம் தொல்லைப்படுத்தும் மூன்று சத்தங்களை ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றில் ஒன்றுக்கு மட்டும், ஒரு மணி நேரத்துக்கு மட்டும், வீட்டாரிடம் இன்று இரவே கேளுங்கள்.