‘பறையா’ பருந்தும் ‘பிராமினி’ மைனாவும்

போன மாதம் எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் பறவை பார்க்கப் போன குழுவில் நானும் இருந்தேன். குப்பைமேட்டுக்கு மேலே வட்டமடித்த கரும்பருந்தைக் காட்டி, மூத்தவர் ஒருவர் உற்சாகமாகச் சொன்னார்: “பறையா கைட்!” கொஞ்ச நேரத்தில் வேப்பமரத்தில் கருங்கொண்டை வைத்த ஒரு மைனா. “பிராமினி ஸ்டார்லிங். என்னமா பாடும் தெரியுமா!” முனைவர் பட்ட ஆய்வு செய்யும் நான், பள்ளிக்கூடத்துப் பையன்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவராக வைத்த பெயர்கள் அல்ல இவை. வெள்ளைக்காரர் காலத்துப் பறவை நூல்களில் அச்சேறியவை. எம் மக்களின் பெயரைத் தமிழிலிருந்து எடுத்து, ‘விலக்கப்பட்டவர்’ என்று பொருள் கொடுத்தது ஆங்கிலம். கழிவு தின்னும் பருந்தின்மேல் அதை ஒட்டினார்கள். மைனாவுக்கோ அறிவியல் பெயரிலேயே கோயில்: ‘பகோடாரம்’. (அந்தப் பருந்தின் துணையினத்துக்கு 1832இல் சைக்ஸ் வைத்த பெயர் ‘கோவிந்தா’. கோவிந்தனாலும் தீட்டைக் கழுவ முடியவில்லை!)

சரி, சாப்பாட்டையே கணக்கெடுப்போம். ஊர்ப்பருந்து பெரும்பாலும் தின்பது செத்ததையும் நாம் வீசியதையும். கோழிக்குஞ்சைத் தூக்கும், மறுக்கவில்லை. நம் இனிய பாடகர் மட்டும் என்ன? பழமும் தேனும் போக, வெட்டுக்கிளியையும் புழுவையும் உயிரோடு கொத்தித் தின்கிறார். அவரை யாரும் கொலைகாரர் என்பதில்லை. பாட்டு நன்றாக இருக்கிறதே!

“பெயரில் என்ன இருக்கு தோழர்?” என்பவர்கள் டெல்லி போய்ப் பார்க்கட்டும். சாந்தினி சவுக்கில் சமணர்கள் நடத்தும் பறவை மருத்துவமனையில் புறாவும் கிளியும் தங்கிக் குணமாகலாம். இறைச்சி தின்னும் பறவைக்குத் தங்க இடமில்லை. மாஞ்சா நூல் அறுத்த பருந்துகளை வீட்டின் அடித்தளத்தில் வைத்துக் காப்பாற்றியவர்கள் நதீம், சவுத் என்ற முஸ்லிம் சகோதரர்கள். ‘ஆல் தட் பிரீத்ஸ்’ (2022) ஆவணப்படம் அவர்களைப் பற்றியதுதான். பார்த்துவிடுங்கள்.

இன்றைய பட்டியல்களில் ‘பறையா’ போய் ‘பிளாக் கைட்’ வந்துவிட்டது. ‘பிராமினி’ மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இழிவை நீக்கினால் போதுமாம், பெருமை இருக்கலாமாம். அமெரிக்காவில் அடிமைமுறையைக் காக்கும் தரப்பில் போரிட்ட மெக்கவுனின் பெயரை ஒரு பறவையிடமிருந்து 2020இல் எடுத்தார்களே!

கருங்கொண்டை நாகணவாய் என்று நல்ல தமிழ்ப் பெயர் இருக்கிறது. வளாகத்துப் பறவைப் பலகையில் அதை எழுதச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். பலகை இன்னும் மாறவில்லை.