காம்பவுண்டு சுவருக்குக் கீழே

பீரோவில் பூட்டி வைத்திருக்கும் உங்கள் வீட்டுப் பத்திரத்தை ஒரு தடவை எடுத்துப் படித்துப் பாருங்கள். வடக்கே இன்னார் மனை, தெற்கே இருபதடி ரோடு என்று நான்கு பக்கமும் எல்லை போட்டிருப்பார்கள். ஐந்தாவதாக ஒரு பக்கம் இருக்கிறது. கீழே. அதற்கு மட்டும் எந்தப் பத்திர எழுத்தரும் எல்லை எழுதுவதில்லை.

விளைவு? கீழே இருப்பதெல்லாம் நம்முடையது என்று நினைத்துக் கொண்டோம். சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறது. 1882-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வசதியுரிமைச் சட்டத்தின்படி, நிலத்துக்கு அடியில் தனி வாய்க்காலாக ஓடாத தண்ணீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நிலத்தின் சொந்தக்காரருக்கு உண்டு. உறிஞ்சுவது என் உரிமை என்று ஆரம்பித்தவர்கள், ஊற்றுவதும் என் உரிமை என்று முடித்துவிட்டோம். என் மனை, என் குழி, என் கழிவு. நீ யார் கேட்க?

கேட்க வேண்டியவர் பக்கத்து வீட்டுக்காரர். ஏனென்றால், தண்ணீருக்கு உங்கள் காம்பவுண்டு சுவர் தெரியாது.

பூமிக்குள் பெரிய ஏரி ஒன்று இருப்பதாகவும், போர் போட்டவர்கள் அதில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதாகவும் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஏரியெல்லாம் இல்லை. மணலுக்கு இடையில் உள்ள சந்துகளிலும், பாறையில் உள்ள வெடிப்புகளிலும் தேங்கி, மெல்ல மெல்ல நகரும் தண்ணீர் அது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடும்பாறைப் பூமி. அங்கே எந்த வெடிப்பு எந்த வெடிப்போடு சேர்கிறது என்று மேலே நின்று பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது.

ஆற்றில் சாக்கடை கலந்தால் கண்ணுக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும். கலப்பதை நிறுத்திவிட்டால் அடுத்த வெள்ளம் கொஞ்சமாவது அலசிவிட்டுப் போகும். நிலத்தடி நீரில் இது எதுவும் நடக்காது. ஒரு நாளைக்கு அரையடி நகர்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்ளுங்கள். அறுபதடி தூரத்தில் இருக்கும் கிணற்றுக்கு அழுக்கு போய்ச் சேர நான்கு மாதம். வந்த அழுக்கு வெளியேற எத்தனை வருஷம் என்று கேட்காதீர்கள். அதைத் துடைக்க எந்தத் துணியும் கிடையாது.

நான் படித்தது பி.காம். கெமிஸ்ட்ரி எனக்கு வராது. ஆனால் வரவு யாருக்கு, பற்று யாருக்கு என்று பார்க்கத் தெரியும். அந்தக் கண்ணோடு வேலூர் பக்கம் போவோம்.

பாலாற்றங்கரை தோல் தொழிற்சாலைகள் அந்நியச் செலாவணி கொண்டுவந்தன. அது வரவு. பற்று? வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 28 ஆகஸ்ட் 1996 அன்று சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பைப் படியுங்கள். தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழ் என்று அதில் எழுதியிருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் நடத்திய சர்வேயில், 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனது என்ற கணக்கும் இருக்கிறது. நாலில் மூன்று கிணறு! தோலைப் பதப்படுத்தியவரின் பேலன்ஸ் ஷீட்டில் இந்தச் செலவு எங்கேயாவது வந்ததா? வரவில்லை. ஏற்றுமதி செய்தவன் கணக்கில் லாபம், ஏற்றம் இறைத்தவன் கணக்கில் நஷ்டம். இதற்கு எங்கள் கல்லூரியில் வேறு பெயர் சொல்லித் தந்தார்கள். மோசடி.

‘மாசுபடுத்தியவனே பணம் கட்டு’ என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு அழுத்திச் சொன்னது. சந்தோஷம். பணம் வந்ததா? 30 ஜனவரி 2025 அன்று அதே சுப்ரீம் கோர்ட், அதே தோல் கழிவுப் பிரச்னையில், 2001-லும் 2009-லும் நிர்ணயித்த நஷ்டஈட்டில் பாக்கியை அரசு ஆறு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும், கொடுத்ததை ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்று உத்தரவு போட வேண்டி வந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே 28 வருஷம். வட்டிக் கணக்கு தெரிந்தவர்கள் போட்டுப் பார்த்துக் கொள்ளுங்கள்.

ராணிப்பேட்டையில் குரோமேட் கம்பெனி ஒன்று 1990-களின் நடுவில் இழுத்து மூடப்பட்டது. கம்பெனி போனது, கழிவு போகவில்லை. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். கால் நூற்றாண்டு கழிந்தும் அந்தக் குவியல் அங்கேயே கிடந்தது. ஒவ்வொரு மழையும் அதைக் கரைத்துக் கீழே இறக்கியது. சாக்கடைக் கிருமியாவது மண்ணுக்குள் நாளாக நாளாகச் செத்துப்போகும். அறுவிணைய குரோமியம் சாகாது. தண்ணீரோடு கைகோத்துக்கொண்டு நடக்கும்.

‘சரியாப் போட்டீங்க சார், இந்த ஃபாக்டரிக்காரங்களை விடக்கூடாது’ என்கிறீர்களா? நன்றி. இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம்.

சொந்த வீடு கட்டியவர்களிடம் ஒரு பெருமைப் பேச்சு உண்டு: ‘இருபது வருஷமாச்சு, செப்டிக் டேங்குக்கு ஒரு தடவைகூட லாரி கூப்பிட்டதில்லை!’ ஐயா, இருபது வருஷமாக ஒரு குடும்பமே உள்ளே அனுப்பியதெல்லாம் எங்கே போனது? ஆவியாகிவிட்டதா? அடியில் கான்கிரீட் போடாமல் விடச் சொல்லி கொத்தனார் யோசனை சொன்னார். ஆயிரங்கள் மிச்சம். மொத்தமும் கீழே இறங்கி, பக்கத்து வீட்டு போருக்குப் போய்க் கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரும் அதே கொத்தனாரை வைத்துத்தான் கட்டினார் என்பதால், அவருடையது உங்களுக்கு வந்துகொண்டிருக்கிறது. பண்டமாற்று.

கழிவுநீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். சுமார் அறுபதடி. சரி, நம் மனை எவ்வளவு? அரை கிரவுண்டு. முப்பதுக்கு நாற்பது. ஒரு மூலையில் போர் போட்டு, குறுக்காக எதிர்மூலையில் குழி தோண்டினாலும் நடுவில் ஐம்பதடிதான் வரும். எட்டாம் வகுப்பு பிதாகரஸ். வீட்டையே இடித்தாலும் அந்த மனையில் இந்த விதியை நிறைவேற்ற முடியாது! இது தெரிந்தும் லேஅவுட்டுக்கு அனுமதி, வீட்டுக்கு பிளான் அப்ரூவல், வங்கியில் லோன். எல்லாக் காகிதத்திலும் முத்திரை இருக்கிறது.

‘நம்மது ஐநூறு அடி போர், மேலே இருக்கிற அழுக்கு அங்கே எப்படிப் போகும்?’ போகும். கேஸிங் பைப் பெரும்பாலும் பாறை தட்டும் வரைதான். பைப்பைச் சுற்றிச் சரியாக அடைக்காவிட்டால், மேல்மட்டத்து அழுக்குத் தண்ணீர் பைப்பின் வெளிப்புறமாக வழிந்து நேராக இறங்கும். தண்ணீர் வற்றியதென்று மூடாமல் விட்ட பழைய போர் இன்னும் மோசம். அது அழுக்குக்கு நாமே வைத்துக் கொடுத்த லிஃப்ட்.

‘அதான் ஆர்.ஓ. மெஷின் வெச்சிருக்கோமே?’ இதைச் சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. பல வீடுகளில் அந்த மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. தள்ளிய தண்ணீரில் உப்பு அதிகம். அது எங்கே போகிறது? திரும்பவும் அதே குழிக்கு. உப்பு ஒரு டிராப்பைக் கூட்டிக்கொண்டு ரவுண்டு அடித்துவிட்டு வீடு திரும்புகிறது, அவ்வளவுதான். மெஷின் வாங்க முடியாத வீடு அதே தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கழிவிலிருந்து வந்த நைட்ரேட் சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் அடர்த்தியாகும். லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை. அதற்கு மேல் போன தண்ணீரில் பால் பவுடர் கலந்து கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும் ஆபத்து இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை, ருசியும் மாறாது. அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

ஆக, வேலூரில் ஆலை முதலாளி செய்ததைத்தான் அரை கிரவுண்டில் நாம் செய்கிறோம். அளவுதான் வேறு. என் செலவை அடுத்தவன் கணக்கில் எழுதும் அதே கைதான்.

செய்ய வேண்டியவை ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. செப்டிக் டேங்குக்கு அடியும் சுவரும் கசியாமல் பூசுங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை லாரியைக் கூப்பிடுங்கள். அது அவமானம் இல்லை. மழைநீர்க் குழிக்கு மொட்டை மாடித் தண்ணீர் மட்டும் போகட்டும். துணி துவைத்த தண்ணீரையும் வாசல் சாக்கடையையும் அதில் திருப்பி விடாதீர்கள். வற்றிய போரைக் கல்லை வைத்து மூடாமல், முறையாக நிரப்பி அடைத்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் லேபில் கட்டணம் கட்டினால் தண்ணீரைப் பரிசோதித்துத் தருவார்கள். உங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, காருக்கு சர்வீஸ். உங்கள் போருக்கும் ஒரு தடவை.

ஆனால் அந்தப் பத்தடியை யார் கொடுப்பார்கள்? உங்களால் முடியாது, பக்கத்து வீட்டாராலும் முடியாது. தெரு முழுக்கச் சேர்ந்தால் முடியும். பாதாளச் சாக்கடை வந்தால் குழியே வேண்டாம். அதனால் அடுத்த முறை கவுன்சிலர் ஓட்டு கேட்டு வரும்போது, தெருவிளக்கையும் வேகத்தடையையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இரண்டே கேள்வி கேளுங்கள். எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை எந்த வருஷம், எந்த மாதம்? அதில் போகும் கழிவு எங்கே போய்ச் சுத்தமாகிறது? இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். விட்டால், நம் தெருக் கழிவு இன்னொரு ஊர்க் கிணற்றுக்குப் போகும்.

அந்த ஊர்க்காரரும் பத்திரம் வைத்திருக்கிறார். அதிலும் நான்கு எல்லைதான் எழுதியிருக்கிறது.