ஒரு பைசாப் பௌத்தம்

சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பட்டுவந்த கற்சிலை புத்தருடையதுதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் சொன்னபோது பௌத்தம் பற்றிய பேச்சு கொஞ்ச நாள் சூடாக இருந்தது. பிறகு ஓய்ந்துவிட்டது. தமிழகத்துப் பௌத்தம் என்றாலே நமக்குச் சிலைதான். வயலில் கிடைத்தது, ஏரிக்கரையில் கிடந்தது, எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது என்பதோடு ஆர்வம் தீர்ந்துபோகிறது.

நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். சோழனின் சமயப்பொறை என்று இதை மேடைதோறும் பாராட்டுகிறோம். கடல் வணிகக் கணக்கும் அதில் இருந்ததைச் சொல்வதில்லை. அரசரையும் வணிகரையும் நம்பி நின்ற விகாரம் அது. எஞ்சியிருந்த கோபுரத்தை 1867இல் இயேசு சபையினர் ஆங்கிலேய அரசின் அனுமதியோடு இடித்தபோது, அது தம்முடையது என்று சொல்ல அங்கே ஒரு சமூகம் மிச்சமிருக்கவில்லை.

சரியாக முப்பத்தோரு ஆண்டு கழித்து, 1898இல், இரண்டு காரியங்கள் நடந்தன. உ.வே.சா. மணிமேகலையைப் பதிப்பித்தார். பௌத்தக் கோட்பாடுகளைச் சொல்லித்தரத் தமிழ்ப் புலவர் எவரும் கிடைக்காத நிலையில், பேராசிரியர் ரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்து செய்த பதிப்பு அது. அதே ஆண்டில் அயோத்திதாசர் பிரம்மஞான சபையின் ஆல்காட்டோடு கொழும்பு சென்று தீட்சை பெற்றுத் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். முதல் காரியத்தைக் கொண்டாடத் தமிழுலகம் தவறவில்லை. இரண்டாவதை நூறாண்டு கிடப்பில் போட்டது.

அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய வார இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையே பெயர். தாழ்த்தப்பட்டோர் பூர்வ பௌத்தர்கள், பௌத்தத்தைக் கைவிட மறுத்ததால்தான் தாழ்த்தப்பட்டார்கள் என்று அதில் வாரந்தோறும் வாதாடினார். தீபாவளியை எள் நெய் கண்டறிந்த நாளாகவும் கார்த்திகையை ஆமணக்கு நெய்யோடு சேர்த்தும் விளக்கினார். அவர் தரும் சொல்லாராய்ச்சியில் பாதி இன்றைய மொழியியலில் நிற்காது. நிற்க வேண்டியதும் இல்லை. இழிவு பிறப்பில் வந்ததல்ல, வரலாற்றில் சுமத்தப்பட்டது என்று ஒரு மக்கள்திரள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அந்த எழுத்து வழிசெய்தது. ஆனைமங்கலம் போன்ற செப்பேட்டுக் கொடைகள் செய்யாத வேலை இது.

சென்னையைச் சேர்ந்த இலட்சுமி நரசுவின் பௌத்த நூலும் அதே 1907இல் வந்ததுதான். அதை அம்பேத்கர் 1948இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அவர் பௌத்தம் தழுவிய நாகபுரி மதமாற்றம் 1956இல் நடந்தது. சென்னைக்கும் நாகபுரிக்கும் உள்ள இந்த உறவு நம் பாடநூல்களில் இல்லை.

1914இல் அயோத்திதாசர் மறைந்தபின் அந்த எழுத்தைக் காத்தவர்கள் பண்டிதர்கள் அல்லர். கோலார் தங்கவயலின் தமிழ்த் தொழிலாளர்கள். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சங்கம் வைத்தார்கள். சித்தார்த்தா புத்தகசாலை வழியே அவருடைய நூல்களை அச்சிட்டார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் வெளிவந்த பிறகே கல்விப்புலம் கண் விழித்தது. அடுத்த இரண்டாண்டில் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது, குடும்பங்கள் சிதறின. காகிதங்களும் அவர்களோடு போயிருக்கும்.

பெங்களூரிலோ சென்னையிலோ வட ஆர்க்காட்டு ஊர்களிலோ தங்கவயல் வேர் கொண்ட வாசகர்கள் எங்களுக்கு உண்டு. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ‘தமிழன்’ இதழ், சங்க அறிக்கை, சித்தார்த்தா வெளியீடு எது இருந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்குமுன் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். நகலெடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தருவோம்.