படக் கணக்கா? மணிக் கணக்கா?



நம்மில் பலருக்குக் கேமரா ஆசை உண்டு. சிலர் லீவு நாட்களில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கப் போய், கைச்செலவுக்குச் சம்பாதிக்கவும் செய்கிறார்கள். இப்போது எல்லோரும் கண் வைப்பது மிரர்லெஸ் கேமரா மீதுதான். வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே பாடும் பாட்டும் ஒன்றுதான்: "என்னப்பா இது, சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது!"

குற்றம் பேட்டரியுடையதா? இல்லை என்பேன். ஓர் உதாரணம் பாருங்கள். 2017-ல் வந்த நிக்கான் டி850, உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகை. 2018-ல் வந்த நிக்கான் இசட்7, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகை. இரண்டும் வந்தபோது பேட்டரி ஒரே அளவுதான்: 7 வோல்ட், 1900 மில்லி ஆம்பியர்-மணி. ஆனால் கம்பெனி தந்த கணக்கோ முன்னதற்கு 1840 படம், பின்னதற்கு வெறும் 330!

ஏன் இந்த வித்தியாசம்? கண்ணாடி வைத்த கேமராவில், லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தையே நேராகப் பார்க்கிறோம். பார்ப்பதற்குக் கரண்ட் செலவில்லை. மிரர்லெஸ்ஸில் நாம் பார்ப்பது ஒரு குட்டி டி.வி. சென்சார், பிராசஸர், திரை மூன்றும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். படம் எடுக்காமல் சும்மா நின்றாலும் செலவு ஏறும், ஆட்டோவில் வெயிட்டிங் சார்ஜ் மாதிரி!

இனி நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். அந்த 330 என்ற எண், ஜப்பானியக் கேமராத் தயாரிப்பாளர் சங்கமான 'சிபா' வகுத்த சோதனையில் கிடைப்பது. அதில் 30 வினாடிக்கு ஒரு படம் எடுப்பார்கள். ஆக 330 படத்துக்கு 165 நிமிடம், அதாவது 2.75 மணி. பேட்டரியில் இருப்பது 7 × 1.9 = 13.3 வாட்-மணி. வகுத்தால் ஏறக்குறைய 5 வாட். டி850-க்கு இதே கணக்கைப் போட்டால் 1 வாட் கூட வராது!

அப்படியானால் மிரர்லெஸ் கேமராவில் சார்ஜைத் தின்பது படம் அல்ல, நேரம். சட்சட்டென்று தொடர்ந்து அமுக்குபவருக்கு 330-க்கு மேலேயே கிடைக்கும். மாறாக, மாப்பிள்ளை எப்போ தாலியை எடுப்பார் என்று கேமராவைக் கண்ணில் வைத்தபடியே காத்திருப்பவருக்கு அதில் பாதி கூடத் தேறாது. முகூர்த்தம் பேட்டரிக்காகக் காத்திருக்குமா?

"எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான சோதனைதானே, அதில் என்ன தப்பு?" என்று கேட்கலாம். ஒரு மாடலை இன்னொன்றோடு ஒப்பிட அது நல்ல அளவுகோல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாள் வேலைக்குத் திட்டம் போட அது போதாது. வீடியோவுக்கு நிமிடக் கணக்கு கொடுக்கும் கம்பெனிகள், போட்டோவுக்கும் 'ஆன் செய்தால் இத்தனை மணி ஓடும்' என்று அட்டைப் பெட்டியிலேயே அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? கடன் வாங்கிக் கேமரா வாங்குகிறவன் கேட்கக்கூடாத கேள்வியா இது?

அவர்கள் அச்சிடும்வரை நாமே கணக்குப் போடுவோம். கம்பெனி சொல்லும் படங்களை 120-ஆல் வகுத்தால், ஏறக்குறைய எத்தனை மணி என்று தெரிந்துவிடும். 330-க்கு 2.75 மணி. நான்கு மணி நேர விசேஷம் என்றால் இரண்டு பேட்டரி கட்டாயம். மூன்றாவது ஒன்று பையில் இருந்தால் நிம்மதி. இடைவேளை கிடைத்தால் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள்.

பேட்டரியைத் திட்ட யாராலும் முடியும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பார்க்க, டிப்ளமோ படிக்கும் நாமாவது முன்வர வேண்டாமா?