பட்டறைக்கு மின்சாரம்: கணக்கே முதற் கருவி

இந்திய நாட்டின் மின்சார வரலாற்றில் பெங்களூருக்குத் தனி இடம் உண்டு. காவிரியின் சிவனசமுத்திர அருவியருகே 1902-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய மின் நிலையம் முதலில் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சக்தியை அளித்தது. 1905-ஆம் ஆண்டில் அதே சக்தியைக் கொண்டு பெங்களூர்த் தெருவிளக்குகள் ஏற்றப்பட்டன. அத்தகைய நகரத்தின் விளிம்பிலும் மின்கம்பி வந்து சேராத கொட்டகைகளில் தொழில் நடத்துவோர் இன்றும் உளர். புதிய மனைப் பிரிவில் கார் ஷெட்டையே பட்டறையாக்கிக்கொண்ட பழுது பார்ப்பவரும், சாலையோரத்தில் கூரை வேய்ந்து வேலை செய்யும் தச்சரும் இவ்வகையினரே.

இவர்களுக்கு யோசனை கூற வேண்டிய கள ஊழியரை நோக்கி முதலில் எழும் கேள்வி, "எத்தனை வாட் சூரியத் தகடு வாங்கலாம்?" என்பதாகும். இக்கேள்வி தொடங்கும் இடமே தவறு என்பது எமது கருத்து. செய்யவேண்டிய வேலை யாது, அதை எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் செய்யவேண்டும் என்பவற்றை அறிந்த பின்னரே தகட்டைப் பற்றிப் பேசுதல் தகும்.

இக்கருத்து பெங்களூருக்குப் புதியதன்று. இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974-ஆம் ஆண்டில் கிராமத் தொழில் நுட்பத்திற்கென "அஸ்திரா" என்னும் அமைப்பைத் தோற்றுவித்த பேராசிரியர் அமுல்ய ரெட்டி, மக்களுக்கு வேண்டுவது சக்தியன்று, அது ஆற்றும் பணியே என்று வற்புறுத்தி வந்தார். அவர் வகுத்த இந்நெறி பெரிய மின் திட்டங்களுக்கு மட்டுமன்றி, பத்தடிக் கொட்டகைக்கும் பொருந்தும்.

ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். மாலையில் 5 மணி நேரம் நான்கு விளக்குகள், பகலில் 8 மணி நேரம் ஒரு மின்விசிறி, அரை மணி நேரம் 500 வாட் துளையிடும் கருவி, ஒரு மணி நேரம் 250 வாட் சாணை இயந்திரம் ஆகியவை தேவை எனக் கொள்க. பழைய 60 வாட் குண்டு விளக்குகளும் 75 வாட் விசிறியும் இருப்பின், நாள் ஒன்றுக்கு 2,300 வாட்-மணி செலவாகும். 9 வாட் எல். இ. டி. விளக்குகளையும், தூரிகையற்ற மோட்டார் பொருந்திய 30 வாட் விசிறியையும் அமைத்தால், கருவிகளைத் தொடாமலேயே இச்செலவு 920 வாட்-மணியாகக் குறையும்.

சாதனங்களில் கால் பங்கு சக்தி விரயமாகும் எனவும், மேகமூட்டம் மிகுந்த மழைக்காலத்தையும் எண்ணி நாளொன்றுக்கு 4 மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஒளியே கிடைக்கும் எனவும் கணக்கிடுவோம். முதல் அமைப்பிற்கு ஏறத்தாழ 770 வாட் தகடும், இரண்டாவதற்கு 310 வாட் தகடும் வேண்டும். விளக்கையும் விசிறியையும் மாற்றுவதற்காகும் செலவு, தகட்டிலும் பாட்டரியிலும் மிச்சமாகும் தொகையை நோக்கச் சிறிதேயாகும்.

அடுத்தது நேரம். "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்னும் பழமொழி வெயிலுக்கும் ஏற்புடையதே. கருவி வேலைகளை நண்பகலை ஒட்டி முடித்துவிட்டால், பாட்டரியிலிருந்து எடுத்த சக்தி அன்றைய வெயிலிலேயே ஈடாகிவிடும். எல்லாச் செலவையும் இரண்டு மேகமூட்ட நாட்களுக்குப் பாட்டரியே தாங்கவேண்டுமெனில், ஈய-அமில பாட்டரியைப் பாதி அளவுக்கு மேல் வடிய விடலாகாது என்னும் விதிப்படி, 12 வோல்ட்டில் 300 ஆம்பியர்-மணிக்கு மேல் வேண்டும். விளக்குகளை மட்டும் அது தாங்கினாற் போதுமெனில் 60 ஆம்பியர்-மணியில் அடங்கும். மோட்டாரின் தேவையை முன்னிட்டு 100 ஆம்பியர்-மணி வைத்துக்கொள்வது நலம்.

மோட்டார் புறப்படும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போன்று பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 500 வாட் கருவிக்கு 500 வாட் இன்வர்ட்டர் போதும் என எண்ணி ஏமாறுவதன் காரணம் இதுவே. மின்வில் பற்றவைப்பு இத்தகைய சிற்றமைப்பால் ஆகக்கூடிய காரியமன்று. அவ்வேலையை மின் இணைப்புள்ள பட்டறையில் செய்துகொள்ளுமாறு வெளிப்படையாகக் கூறிவிடல் வேண்டும். எண்ணெய் ஜெனரேட்டரை அதற்கென வாடகைக்கு எடுப்பின், கொட்டகைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைத்தே ஓட்டவேண்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது. மூடிய அறையில் உயிரையே பறிக்கும். ஈய-அமில பாட்டரியும் மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜனை வெளியிடுமாதலால், சாணைப் பொறி பறக்கும் இடத்திற்கு அருகே அதனை வைத்தலாகாது.

"இவ்வளவு கணக்கு எதற்கு? சற்றுப் பெரிதாகவே வாங்கிவிட்டால் என்ன?" என்று கேட்பார் உண்டு. கையில் முதல் உள்ளவர்க்கு அது இயலலாம். கடன் பெற்று வாங்கும் தொழிலாளிக்குத் தேவைக்கு மேற்பட்ட ஒவ்வொரு வாட்டும் வட்டியாக வந்து நிற்கும். தேவைக்குக் குறைந்த அமைப்போ பாட்டரியை விரைவில் அழித்துவிடும். விளக்கு அணைந்த பின்னும் தவணை நிற்பதில்லை. சூரிய சக்தியின்மீது அவ்வட்டாரத்தார் வைத்த நம்பிக்கையும் அத்துடன் அணைந்துவிடும்.

ஹரீஷ் ஹந்தே அவர்கள் 1995-ஆம் ஆண்டில் நிறுவிய, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட "செல்கோ" நிறுவனத்தின் அனுபவம் இங்குக் கருதத்தக்கது. அந்நிறுவனம் தொழிலுக்கேற்ற அமைப்பு, வங்கிக் கடன், வாங்கிய பின் பராமரிப்பு ஆகிய மூன்றையும் இணைத்து, எளிய மக்களிடையே சூரிய விளக்குகளைப் பரப்பியது. தையல் இயந்திரத்திற்கும் கொல்லர் துருத்திக்கும் சூரிய மின்சாரத்தைக் கொண்டுசென்றது. ஹந்தே அவர்களுக்கு 2011-ஆம் ஆண்டில் மகசேசே விருது வழங்கப்பட்டது.

ஆகவே, கள ஊழியர் விலைப்பட்டியலைத் திறக்குமுன் பட்டறையில் ஒரு நாள் முழுதும் அமர்ந்து, எந்தக் கருவி எவ்வளவு நேரம் ஓடுகிறது எனக் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஆசிரியர்கள் இதே கணக்கை மாணவர்களுக்குப் பயிற்சியாக அளித்து, தத்தம் வீட்டிற்கோ ஊரிலுள்ள பட்டறைக்கோ பட்டியல் தயாரிக்கச் செய்யலாம். இதற்குப் பெருக்கலும் வகுத்தலும் அறிந்திருந்தாற் போதும். ஒரு தொழிலாளியின் கடனும் ஒரு குடும்பத்தின் பிழைப்பும் இக்கணக்கில் அடங்கியிருத்தலின், இதனை அவர் கண்முன்னே, அவருக்கு விளங்கும் வகையில் செய்து காட்டுவது நம் கடமையாகும்.