பெயரில் இல்லாத மாவுச்சத்து

மக்கள் சயான் மருத்துவமனை என்றழைக்கும் லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனைக்குத் தாராவியிலிருந்து நடந்தே வரலாம். தாராவித் தமிழரில் பலர் திருநெல்வேலி வழியினர். அங்கிருந்து விடியலில் கிளம்பும் இட்லிப் பாத்திரங்கள் நகரின் பசியாற்றுகின்றன. இத்தகைய மக்களுக்கு நீரிழிவு வந்தால், உணவு அறிவுரை எந்தச் சொற்களில் சொல்லப்படுகிறது என்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

நீரிழிவு என்ற சொல் மிகுதியாக வெளியேறும் சிறுநீரைச் சுட்டுகிறது. மதுமேகம் அச்சிறுநீரின் இனிப்பைச் சுட்டுகிறது. 'சர்க்கரை நோய்', பேச்சுவழக்கின் 'சுகர்' ஆகியவையும் அவ்வழிப்பட்டவையே. உடலுக்குள் செல்வது எது என்பதை இப்பெயர்களுள் எதுவும் உரைப்பதில்லை. ஆதலால் பலர் தேநீரில் சர்க்கரையை நிறுத்திவிட்டு, சோற்றின் அளவைத் தொடாமல் விடுகின்றனர்.

செரிமானம் இவ்வேறுபாட்டை அறியாது. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. உமிழ்நீரின் அமிலேஸ் அதை வாயிலேயே வெட்டத் தொடங்குகிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது அதனாலேயே. எஞ்சியதைக் கணையநீரும் சிறுகுடற் சுவரின் நொதிகளும் முடிக்க, குளுக்கோஸ் இரத்தத்தில் கலக்கிறது. அரைத்துப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைத்த இட்லி எளிதில் செரிக்கும். காய்ச்சற்காரருக்கு அதை உகந்ததாக்கும் அவ்வியல்பே, நீரிழிவுள்ளவர் அதை எண்ணி உண்ண வேண்டியதற்கும் காரணமாகிறது.

'சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறுக' என்பதும் முழுத் தீர்வாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு 2025இல் வெளியானது. இந்தியர் உணவின் ஆற்றலில் 62 விழுக்காடு கார்போஹைட்ரேட்டிலிருந்து வருவதாக அது கணக்கிட்டது. மொத்த அளவு குறையாமல் தானியத்தை மட்டும் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாற்றுவதில் பயன் காணப்படவில்லை. ஒரு சிறு பங்கைப் பருப்பு, பால் ஆகியவற்றின் புரதத்தால் ஈடுசெய்வதோ குறைந்த நோய்வாய்ப்போடு தொடர்புற்றிருந்தது.

ஆகவே ஊட்டச்சத்து ஆலோசனை இட்லியின் எண்ணிக்கையிலும் சோற்றுக் கரண்டியிலும் பேச வேண்டும். சப்பாத்தியை அளவுகோலாகக் கொண்ட பட்டியல் இட்லி வீட்டுக்கு உதவாது. ஓர் இட்லி குறையட்டும். சாம்பாரில் பருப்பும் காயும் கூடட்டும் என்றால் எவருக்கும் விளங்கும். இன்சுலின் கொள்வோர் மருத்துவரைக் கேட்டே அளவை மாற்ற வேண்டும் என்பதும் உடன் சொல்லப்பட வேண்டும். பருப்பு அரிசியைவிட விலை கூடியது. அச்செலவைக் கணக்கிடாத அறிவுரை எத்துணைச் சரியானதாயினும் அடுப்பங்கரையை எட்டாது.