பறித்துக்கொண்டு கொடை என்பதா?



முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. அந்தத் தேர் அவனுடையது. அடுத்தவன் தேரை அவிழ்த்துக் கொடியருகே நிறுத்திவிட்டு, "பாரீர் என் கொடையை!" என்று அவன் பறைசாற்றவில்லை.

இன்றைய வள்ளல்களைப் பாருங்கள்! இணையக் கடையில் பொருள் வாங்குகிறோம். பட்டியலின் கடைசியில், பொடி எழுத்தில், "ஏழைக் குழந்தைக்கு 2 ரூபாய்" என ஏறி அமர்ந்திருக்கிறது. கொடுப்பதாகச் சொன்னோமா? இல்லை. கொடுப்பீர்களா என்று கேட்டார்களா? அதுவும் இல்லை. நீக்க முனைந்தால், "இரக்கமில்லையா உமக்கு?" என்று இடித்துரை வேறு!

இரண்டு ரூபாய்க்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்பர். இலட்சம் பேரிடம் எடுத்தால் இரண்டு இலட்சம்! சில்லறை நம்முடையது, சிறப்பு அவர்களுடையது.

வரம்பு கடந்த வருவாயுள்ள பெருநிறுவனங்கள், தம் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம். தம் இலாபத்தில், நம் மடியிலிருந்து அன்று!

இசைவின்றி நன்கொடையைக் கட்டணத்தில் நுழைப்பதையும், மறுப்பவரை நாணச் செய்வதையும், தடுக்கப்பட்ட 13 ஏய்ப்புகளுள் வைத்தது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2023 நவம்பர் 30இல்.

பசித்த பிள்ளையின் பெயரால் பறிப்பவர், அப்பிள்ளைக்காக மெய்யாகவே கையேந்துவோர்மீதும் ஐயத்தை விதைக்கிறார். அதுவே பெருங்கேடு!

கூச்சம் வேண்டா. பட்டியலைப் படியுங்கள். நுழைத்ததை நீக்குங்கள். நீக்க வழியில்லையேல் 1915 என்ற எண்ணில் முறையிடுங்கள். மிஞ்சிய காசை, இல்லாதவர் கையில் நீங்களே கொடுங்கள். அதற்குப் பெயர்தான் கொடை!